600 ஒன்றா, 200 இரண்டா: ஸ்ரீராமபுரத்துக் கல்யாண ஸ்டுடியோ ஒன்றின் ஃபிளாஷ் தேர்வு

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ. மாமாவும் மருமகனுமாக நடத்துகிறார்கள். பெரியவர் ஃபிலிம் காலத்து ஆள். மெட்ஸ் 45 ஃபிளாஷைக் கைப்பிடியோடு தூக்கிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி என்று கல்யாணம் எடுத்தவர். இப்போது நிக்கான் வைத்திருக்கிறார், மேடையும் குரூப்பும் அவர் பொறுப்பு. மருமகன் (இனி தம்பி) சோனி கேமராவில் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காத இயல்பான படங்கள், எடுக்கிறார். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள், மற்றவை கன்னட, தெலுங்குக் கல்யாணங்கள்.

கையில் இருந்தவை: கோடாக்ஸ் வி860-2 ஸ்பீட்லைட் (கேமரா மேலே மாட்டும் சின்ன ஃபிளாஷ்) ஒன்று, நிக்கானுக்கான எக்ஸ்ப்ரோ ட்ரிக்கர் (தள்ளி வைத்த ஃபிளாஷை ரேடியோவில் இயக்குவது) ஒன்று, நாலு ஏஏ பேட்டரி போடும் பழைய மேனுவல் ஃபிளாஷ் ஒன்று, வளைந்துபோன இரண்டு ஸ்டாண்ட், ஒரு வெள்ளைக் குடை. என்னிடம் வந்த கேள்வி சுருக்கமானது: "அண்ணே, ஏடி600 ப்ரோ ஒண்ணு எடுத்துடலாமா?" அது கோடாக்ஸின் 600 வாட்-செகண்ட் (ஒரு தடவை அடிக்கும் சக்தியின் அளவு) பெரிய ஃபிளாஷ். பட்ஜெட்டும் அதற்கேற்றதுதான். ஒரு 600 ப்ரோவும் ஒரு சாஃப்ட் பாக்ஸும் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப் பெட்டி) வாங்கினால் தீர்ந்துவிடும் தொகை.

நான் அல்சூரில் லைட் வாடகைக்கு விடுகிறேன். வாடகைக்கு விடுபவன் "இப்போது வாங்காதே" என்று சொன்னால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆகையால் கணக்கை எழுதிக் காட்டித்தான் பேசினேன். 600 ஒன்றுக்குப் பதில் 200 வாட்-செகண்ட் ஏடி200 ப்ரோ இரண்டு என்ற அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

குறை எங்கே இருந்தது

600 வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெரிய டீம்கள் நடு வெயிலில் ஜோடியை நிறுத்தி, வானம் நீலமாக, முகம் பளிச்சென்று எடுக்கும் அவுட்டோர் படங்கள்தான் காரணம். தம்பிக்கு அப்படி எடுக்க ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் அவர்கள் எடுத்த கல்யாணங்களின் கோப்புகளைத் திறந்து பார்த்தபோது, வாடிக்கையாளர் முகம் சுளித்திருக்கக்கூடிய படங்கள் வெயிலில் எடுத்தவை அல்ல. ஏறக்குறைய எல்லாமே முதல் நாள் மாலை வரவேற்பு மேடையில் எடுத்தவை.

வரவேற்பு மேடை எப்படி நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏழு மணிக்குத் தொடங்கும் வரிசை பத்து மணி வரை நிற்காது. ஆபீஸ் நண்பர்கள் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள், அடுத்து ஒரு தாத்தா தனியாக வருவார், அடுத்து மூன்று குடும்பம் சேர்ந்து மூன்று வரிசையாக நிற்கும். ஒரு குரூப்புக்குக் கண் மூடியதற்கும் குழந்தை திரும்பியதற்கும் சேர்த்து மூன்று கிளிக். நானூறு குரூப் என்றால் ஆயிரத்து இருநூறு கிளிக்.

இவர்கள் கேமரா மேலேயே ஸ்பீட்லைட்டை வைத்து, சீலிங்கில் பட்டுத் திரும்பும்படி பவுன்ஸ் செய்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீலிங் வெள்ளையாகவும் பன்னிரண்டு அடிக்குள்ளும் இருந்தால் அது போதும். இப்போதைய மண்டபங்களில் இருபது அடி உயரம், அதிலும் பாதி இடத்தில் ஊதா, ரோஸ் துணித் தோரணம். போன வெளிச்சத்தில் கொஞ்சம்தான் திரும்பி வருகிறது, வருவதும் துணியின் நிறத்தோடு வருகிறது. அதனால் ஸ்பீட்லைட் ஒவ்வொரு முறையும் முழு பவரில் வெடிக்கும். எட்டரை மணிவாக்கில் சூடேறித் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். எந்தக் கம்பெனி ஸ்பீட்லைட்டாக இருந்தாலும் இதே கதைதான், அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் சூடு வெளியேற இடமில்லை. வி860-2 கையேட்டிலேயே முழு பவரில் தொடர்ந்து முப்பது தடவைக்கு மேல் அடிக்காதே, அடித்தால் பத்து நிமிஷம் ஓய்வு கொடு என்று இருக்கிறது. மேடையில் பத்து நிமிஷ ஓய்வுக்கு எங்கே போவது? பெரியவர் ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் வெளிச்ச உணர்திறனை) 3200-க்கு ஏற்றிச் சமாளித்திருக்கிறார். அந்தப் படங்களில் பட்டுச்சேலையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றோடொன்று கலந்த மாதிரி இருந்தன.

பழைய மேனுவல் ஃபிளாஷை ஸ்டாண்டில் போட்டுப் பக்கவாட்டில் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். அது ஆப்டிகல் ஸ்லேவ். வேறு எந்த ஃபிளாஷ் அடித்தாலும் அதுவும் அடிக்கும். பெண் வீட்டு உறவினர் ஒருவர் தன் கேமராவில் ஃபிளாஷ் போட்டு எடுக்க எடுக்க, இவர்களுடையது அவருக்காக வேலை செய்துகொண்டிருந்தது. பெரியவர் கிளிக் செய்யும் நேரத்தில் சார்ஜ் இருக்காது. கோபத்தில் அதை ஆஃப் செய்துவிட்டார்.

பவர் எவ்வளவு வேண்டும்

வாங்குவதற்கு முன் காலியான மண்டபம் ஒன்றில், டெக்கரேஷன்காரர்கள் பூக்கட்டிக்கொண்டிருந்த பகல் நேரத்தில், வாடகை லைட்டுகளை வைத்துச் சோதித்தோம். மேடையின் இரண்டு ஓரத்திலும் ஒன்பதடி ஸ்டாண்ட், ஒவ்வொன்றிலும் வெள்ளைக் குடை, ஆட்கள் நிற்கும் இடத்துக்கு ஏறக்குறைய நாலு மீட்டர். வைத்துக்கொள்ள விரும்பிய எக்ஸ்போஷர்: ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 5.6 (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சிறிது), ஷட்டர் 1/80 விநாடி. மூன்று வரிசை நின்றால் பின்வரிசையும் ஷார்ப்பாக வர எஃப் 5.6 வேண்டும். மண்டபத்தின் விளக்கலங்காரம் தெரிய 1/80 வேண்டும். ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு ஷட்டர் வேகத்தோடு சம்பந்தமில்லை, ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகமான (சிங்க் வேகம்) 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டாத வரை. ஷட்டரைக் கூட்டிக் குறைத்தால் மாறுவது மண்டப வெளிச்சம் மட்டும்.

200 வாட்-செகண்ட் ஃபிளாஷ் குடையில் பட்டுத் திரும்பும்போது, இரண்டு மீட்டரில் ஐ.எஸ்.ஓ. 100-க்கு எஃப் 8 வாக்கில் கிடைக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. அதாவது நாலு மீட்டரில் எஃப் 4. ஐ.எஸ்.ஓ. 100-லிருந்து 800 என்பது மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி), ஆக முழு பவரில் எஃப் 11. நமக்கு வேண்டியது 5.6, இரண்டு ஸ்டாப் குறைவு. எனவே ஏடி200 ப்ரோ கால் பவரில் ஓடினால் போதும்.

இதே இடத்தில் வி860-2 போன்ற ஸ்பீட்லைட்டை வைத்தால்? அதன் கொள்ளளவு சுமார் 76 வாட்-செகண்ட். 200-இல் கால் பவர் என்றால் 50 வாட்-செகண்ட். ஸ்பீட்லைட் தன் முழு பவரில் மூன்றில் இரண்டு பங்கில் ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டும். முழு பவரில் 650 தடவை என்பது அதன் பேட்டரிக் கணக்கு, மூன்றில் இரண்டு பங்கில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நம் வரிசைக்கு ஆயிரத்து இருநூறு. பேட்டரி மாற்றிச் சமாளிக்கலாம், சூட்டைச் சமாளிக்க முடியாது. ஏடி200 ப்ரோவுக்கு முழு பவரில் 500 தடவை, கால் பவரில் கணக்குப்படி 2000. நடைமுறையில் கொஞ்சம் குறையும், ஆனாலும் ஒரு சார்ஜில் மாலை முழுக்க ஓடும். முழு பவரில் மறுபடி நிரம்ப 1.8 விநாடி ஆகும், கால் பவரில் அரை விநாடிக்குள் முடிந்துவிடும். ஃபிளாஷுக்குள் இருக்கும் கபாசிட்டர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. ஒரு வாளி மட்டும் எடுத்தால் உடனே நிரம்பும், தொட்டியையே காலி செய்தால் மோட்டார் ஓடும் வரை காத்திருக்க வேண்டும்.

அப்புறம் 600. அதே இடத்தில் 600 ப்ரோ பன்னிரண்டில் ஒரு பங்கு பவரில் ஓடும். அருமையாக ஓடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 600 என்பது 200-ஐ விட ஒன்றரை ஸ்டாப்தான் கூடுதல், எண்ணைப் பார்த்து நினைப்பதுபோல் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அல்ல. எடை மூன்று கிலோ. ஒன்பதடி ஸ்டாண்டின் உச்சியில் மூன்று கிலோ, கீழே ஐஸ்கிரீம் கப்போடு ஓடும் பிள்ளைகள். மணல் மூட்டை போட்டாலும் எனக்கு வயிறு கலங்கும். இதை எல்லாம் விட முக்கியம், ஒரு 600 ஒரே இடத்தில்தான் நிற்கும்.

ஏன் இரண்டு

மேடையின் ஒரு ஓரத்தில் மட்டும் லைட் வைத்தால் பக்கத்தில் நிற்பவரின் நிழல் அடுத்தவர் முகத்தில் விழும். பன்னிரண்டு பேர் வரிசையில் லைட்டுக்கு அருகில் நிற்பவருக்கு மூன்று மீட்டர், கடைசியில் நிற்பவருக்கு ஆறு மீட்டர் என்றால் அவர்களுக்குள் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். ஒரு முனையில் வெளுப்பு, மறு முனையில் இருட்டு. லைட்டைப் பின்னால் தள்ளினால் வித்தியாசம் குறையும், ஆனால் பவர் கூடுதலாகக் கேட்கும். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று வைத்து, இடப்பக்க லைட்டை வலப்பக்கம் நிற்பவர்களை நோக்கியும், வலப்பக்க லைட்டை இடப்பக்கம் நிற்பவர்களை நோக்கியும் திருப்பிவிட்டால், அருகில் நிற்பவருக்குக் குடையின் ஓரத்து மெல்லிய வெளிச்சம்தான் படும். முனைக்கு முனை சமமாக வந்துவிடுகிறது.

முன்வரிசை பின்வரிசைக்கும் இதே கணக்குதான். லைட் மூன்று மீட்டரில் இருந்து பின்வரிசை நாலு மீட்டரில் இருந்தால் முக்கால் ஸ்டாப்புக்கும் மேல் வித்தியாசம். ஐந்து மீட்டர், ஆறு மீட்டர் என்று தள்ளினால் அரை ஸ்டாப்தான். உயரத்தில் வைத்துப் பின்வரிசை முகங்களை நோக்கிச் சாய்த்தால் அந்த அரை ஸ்டாப்பும் போய்விடும். உயரத்துக்கு இன்னொரு பயன், தாத்தா பாட்டிகளின் கண்ணாடியில் குடை வெள்ளையாகத் தெரியாது.

இரண்டும் ஒரே பவரில் இருந்தால் மூக்கின் இரண்டு பக்கமும் நிழல் விழும். பெரியவர் முதலில் அப்படித்தான் வைத்தார், ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக் குரூப் பழக்கம். தம்பி ஒன்றைக் கால் பவரிலும் இன்னொன்றை எட்டில் ஒன்றிலும் வைத்துக் காட்டினார்.

"மாமா, இப்ப பாருங்க, முகத்துல ஒரு வடிவு வந்துருச்சு."

"வடிவு வந்துச்சு சரி மாப்ள, இந்தப் பக்கம் நிக்கிற அத்தை கறுப்பாத் தெரியறாங்களே. அவங்க சண்டைக்கு வந்தா நீ பதில் சொல்லு."

கடைசியில் எட்டில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே சமாதானமானார்கள். பெரியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஜோடிப் படத்துக்கு நாடகத்தனமான நிழல் அழகு, குரூப் படத்தில் ஒவ்வொரு அத்தைக்கும் தன் முகம் தெரிந்தாக வேண்டும்.

ஜரிகையைப் பற்றி ஒரு வார்த்தை. காஞ்சிபுரம் பட்டில் நேரடி ஃபிளாஷ் பட்டால் ஜரிகை வெள்ளைக் கீறலாக எரிந்துவிடும், அதன் தங்க நிறமே தெரியாது. வெளிச்சம் வரும் பரப்பு பெரிதானால் அந்தப் பளபளப்பு பரவி, மஞ்சள் தங்கிவிடுகிறது. அன்று கடைப் பொம்மை மேல் ஒரு அரக்குப் பட்டைப் போர்த்தி இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தோம். ஸ்பீட்லைட் நேராக அடித்த படத்தில் பார்டர் அலுமினியத் தகடு மாதிரி வந்தது. குடையில் வந்த படத்தை பெரியவர் கேமரா திரையில் பெரிதாக்கி, மயில் உருவத்தின் ஒவ்வொரு இழையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு குடை தேவையா என்ற பேச்சு வரவில்லை. சாஃப்ட் பாக்ஸ் இன்னும் கட்டுப்பாடான வெளிச்சம் தரும், ஆனால் மண்டபத்தில் மடக்கி விரிக்கக் குடையின் வேகம் அதற்கு வராது.

டி.டி.எல். வேண்டுமா

டி.டி.எல். என்பது கேமராவே அளந்து ஃபிளாஷ் பவரை முடிவு செய்வது. தம்பிக்கு இதில் அக்கறை அதிகம். முகூர்த்தத்தில் நகர்ந்துகொண்டே எடுக்கும்போது டி.டி.எல். உதவும், தூரம் மாறிக்கொண்டே இருக்கும். மேடையில் அது தொல்லை. வெள்ளை வேட்டி சட்டையில் எட்டுப் பேர் ஏறினால் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்பு கோட் போட்ட மாப்பிள்ளை நண்பர்கள் ஏறினால் கூட்டும். முகத்தின் வெளிச்சம் படத்துக்குப் படம் மாறும். தூரம் மாறாத மேடையில் மேனுவலில் ஒரு தடவை சரி செய்துவிட்டால் நானூறு குரூப்பும் ஒரே எக்ஸ்போஷர், ஒரே வெள்ளைச் சமன். எடிட்டிங்கில் ஒரு படத்தைச் சரி செய்து மற்ற எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடலாம். ஆல்பம் வேலை ஒரு வாரம் இழுப்பதும் இரண்டு நாளில் முடிவதும் இதில்தான் இருக்கிறது. ஆகவே டி.டி.எல். வசதி இருக்கட்டும், ஆனால் அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்றேன். இவர்களுக்குப் பொருத்தமான பெட்டிகளில் அது எப்படியும் இருக்கிறது.

வேறு எதையெல்லாம் பார்த்தோம்

டிடி600 மாதிரி மலிவான மேனுவல் ஸ்பீட்லைட்டுகள் மூன்று நாலு வாங்கி, ஒரு குடைக்குள் இரண்டு இரண்டாகக் கட்டலாம் என்பது ஒரு யோசனை. ஒரு 200 ப்ரோ விலைக்கு நாலைந்து வந்துவிடும். நாலு ஃபிளாஷ் கால் பவரில் அடித்தால் ஒன்று முழு பவரில் அடித்த வெளிச்சம் கிடைக்கும், சீக்கிரம் சார்ஜும் ஆகும். கணக்கு சரிதான். ஆனால் நாலு ஃபிளாஷுக்குப் பதினாறு ஏஏ செல், ஒரு மாலைக்கு இரண்டு செட். யார் சார்ஜ் போடுவது, எந்த செல் எந்த செட்டில் இருந்தது என்று யார் பார்ப்பது? எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் நல்ல சார்ஜர் கிடைக்கும், பொறுமை கிடைக்காது. படிக்கிற பையனுக்கு, வாரத்துக்கு ஒரு போர்ட்ரெய்ட் எடுப்பவருக்கு, நான் தயங்காமல் டிடி600 தான் சொல்வேன்.

நடுவில் ஏடி300 ப்ரோ, ஏடி400 ப்ரோ இருக்கின்றன. நல்ல பெட்டிகள். இரண்டு வாங்கினால் பட்ஜெட் தாண்டும், ஒன்று வாங்கினால் பழைய ஒற்றை லைட் பிரச்சினை. ப்ரோஃபோட்டோ பி10 ஒரு தடவை கையில் எடுத்தவர் கீழே வைக்க மாட்டார், 250 வாட்-செகண்ட்தான், நிறமும் வேகமும் அருமை. அதன் விலையைச் சொன்னதும் பெரியவர் பேச்சை மாற்றினார்.

எல்.இ.டி. தொடர் விளக்கு ஏன் கூடாது என்றும் கேட்டார்கள். வீடியோ டீம் எப்படியும் கொண்டுவருகிறதே. ஃபிளாஷ் தன் சக்தியை எல்லாம் ஒரு விநாடியில் மிகச் சிறிய பங்குக்குள் கொட்டிவிடுகிறது. எஃப் 5.6-க்கு அதே வெளிச்சத்தைத் தொடர் விளக்கில் கொண்டுவர, மேடையில் நிற்பவர்கள் மூன்று மணி நேரம் கண் கூசி நிற்க வேண்டும். மணப்பெண்ணின் மேக்கப் உருகும்.

கம்பெனியை மாற்றலாமா என்ற பேச்சு எழவே இல்லை, எழவும் வேண்டியதில்லை. கோடாக்ஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ முறையில் நிக்கானுக்கு ஒரு ட்ரிக்கர், சோனிக்கு ஒரு ட்ரிக்கர் இருந்தால் அதே லைட்டுகளை இருவரும் இயக்கலாம். ஏற்கெனவே உள்ள ஸ்பீட்லைட்டும் அதே கூட்டத்தில் மூன்றாவதாகச் சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஒன்று மக்கர் செய்தால், பக்கத்து மண்டபத்தில் எடுக்கும் எவரிடமாவது அதே பேட்டரி, அதே பிராக்கெட் இருக்கும்.

வெயிலில் 600

தம்பியின் ஆசையைத் தள்ளிவிட முடியாது, அதற்கும் கணக்கு போட்டோம். நடுப்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, 1/200, எஃப் 11. ஏடி200 ப்ரோவை வெறும் ரிஃப்ளெக்டரோடு இரண்டரை மீட்டரில் வைத்தால் வெயிலுக்கு ஈடு கொடுக்கும். குடைக்குள் போட்டால் இரண்டு மீட்டரில் எஃப் 8 தான், முகத்தின் நிழலை நிரப்ப மட்டும் ஆகும். பின்னணி மங்கலாக வர எஃப் 2.8-இல் எடுக்க வேண்டுமென்றால் ஷட்டர் 1/3200-க்குப் போகும், அப்போது சிங்க் வேகத்தைத் தாண்டியும் ஃபிளாஷ் அடிக்கும் ஹெச்.எஸ்.எஸ். முறை தேவை. ஹெச்.எஸ்.எஸ்.-இல் ஃபிளாஷ் ஒரே வெடிப்பாக அடிக்காமல் விட்டு விட்டுத் துடிப்பதால் இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ பறிபோகும். இங்கேதான் 600 தன் விலையைத் திருப்பித் தருகிறது.

மாற்று வழி, லென்ஸ் முன் வெளிச்சத்தை நாலு ஸ்டாப் குறைக்கும் என்.டி. ஃபில்டர். 1/200-லேயே எஃப் 2.8 வைக்கலாம், ஹெச்.எஸ்.எஸ். இழப்பு இல்லை. ஃபோகஸ் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். இன்னும் எளிய வழி, ஜோடியை மாலை ஐந்தரைக்கு வரச் சொல்வது. கப்பன் பார்க், லால்பாக் மாதிரி இடங்களில் ஸ்டாண்டும் குடையும் விரித்தால் அனுமதி கேட்பார்கள், எனவே பெரிய லைட்டோடு அவுட்டோர் போவது பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள ரிசார்ட்டுகளில்தான். அப்படிப்பட்ட வேலை இவர்களுக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. வரும் நாளில் 600-ஐ வாடகைக்கு எடுத்து, அதை வாடிக்கையாளர் பில்லிலேயே சேர்க்கச் சொன்னேன்.

வாங்கியது

ஏடி200 ப்ரோ இரண்டு. புதுப் பதிப்பு வந்துவிட்டதால் பழையது விலை படிந்திருந்தது, இவர்கள் வேலைக்குப் பழையதே தாராளம். ஒவ்வொன்றுக்கும் எஸ்2 பிராக்கெட் (ஃபிளாஷையும் குடையையும் ஸ்டாண்டில் பிடிப்பது), ஒரு கூடுதல் பேட்டரி. நாற்பத்து மூன்று அங்குல வெள்ளைக் குடை இன்னொன்று. சோனிக்கு ட்ரிக்கர். அடிப்பகுதி அகலமான இரண்டு புது ஸ்டாண்ட், மணல் மூட்டைகள். பாதி ஆரஞ்சு ஜெல் (ஃபிளாஷ் முன் வைக்கும் நிறத்தாள்) ஒரு தாள். ஒரே ஒரு ஈசி200 நீட்டிப்புத் தலை. இந்தக் கடைசிப் பொருளை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஃபிளாஷ் தலையை மட்டும் கழற்றி இரண்டு மீட்டர் கேபிளில் மேலே அனுப்பலாம், பேட்டரியோடு கூடிய உடல் ஸ்டாண்டின் கீழ்ப்பகுதியில் தொங்கும். மேலே எடை குறைவு, கீழே அதுவே பாரம். மக்கள் நடந்து வரும் பக்கத்து ஸ்டாண்டுக்கு இதைப் போட்டார்கள். ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்க வைத்தேன், வாரண்டிக்கு அது இல்லாமல் ஆகாது.

எல்லாம் சேர்த்து, 600 ப்ரோவுக்கும் சாஃப்ட் பாக்ஸுக்கும் ஒதுக்கிய தொகைக்குச் சற்று மேலே நின்றது. பழைய ஏஏ ஃபிளாஷை விற்று அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைத்தார்கள்.

மேடையில்

முதல் வரவேற்பிலேயே புதுத் தலைவலி ஒன்று வந்தது, ஃபிளாஷால் அல்ல. மேடைக்குப் பின்னால் பூ அலங்காரத்துக்குப் பதில் எல்.இ.டி. சுவர். 1/200-இல் எடுத்தால் சுவரில் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. 1/60-க்கு இறங்கியதும் போய்விட்டன. சுவரின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு நிறம் வெளிறியது இன்னொரு பக்கம். குடைகளைச் சற்று முன்பக்கமாகத் திருப்பி, ஆட்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நிற்கச் சொன்னதும் ஓரளவு சரியானது. இதை அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வீடியோ டீமோடு உரசல் தொடர்கிறது. வீடியோ கேமராவின் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் பாதி ஃபிரேம் மட்டும் வெளுத்துவிடும். குரூப் வரிசையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தாலி கட்டும் நேரத்தில் அது சண்டை. இப்போது கெட்டிமேளம் தொடங்கி மூன்றாவது முடிச்சு வரை தம்பி ஃபிளாஷ் போடாமல் எடுக்கிறார், பெரியவர் மட்டும் எண்ணி நாலைந்து அடிக்கிறார். குறைந்த பவரில் அந்த நாலைந்தும் இடைவெளி இல்லாமல் விழுகின்றன. மேலே எறிந்த அட்சதை காற்றில் அப்படியே நிற்கிறது, பவர் குறையக் குறைய ஃபிளாஷ் மின்னும் நேரமும் சுருங்குவதால் வரும் லாபம்.

முகூர்த்தத்தில் ஒரு லைட்டை மணவறைக்குப் பின்னால், தூண் மறைவில் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஹோமப் புகை முன்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் சாம்பல் மூட்டமாகத்தான் தெரியும். பின்னாலிருந்து அடித்தால் புகையின் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக எழும், பெண்ணின் தலைப்பூ ஓரத்தில் ஒரு கோடு விழும். பாதி ஆரஞ்சு ஜெல் போட்டால் அது நெருப்பிலிருந்து வந்த வெளிச்சம் மாதிரியே இருக்கும். 600 ஒன்று மட்டும் வாங்கியிருந்தால் இதற்கு மறுபடி வாடகைக்கு வந்திருப்பார்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் அதே லைட்டுகளை இயக்கப் பார்த்ததில் கொஞ்சம் குழப்பம். பெரியவர் அடித்த மறுகணம் தம்பி அடித்தால் லைட் சார்ஜ் ஆகியிருக்காது, யார் கடைசியாக அனுப்பிய பவரோ அதுதான் நிற்கும். மேடை நேரத்தில் ட்ரிக்கர் பெரியவரிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள், தம்பி ஸ்பீட்லைட்டைக் கேமரா மேலே வைத்துக் கூட்டத்துக்குள் சுற்றுகிறார். பக்கத்து ஹாலில் வேறொரு டீம் அதே சேனலில் இருந்தால் நம் லைட் அவர்களுக்காக மின்னும் என்பதால், சேனலோடு வயர்லெஸ் ஐ.டி. எண்ணையும் ஒன்று முதல் தொண்ணூற்றொன்பதுக்குள் ஏதாவது ஒன்றில் வைத்து, அந்த எண்ணை ட்ரிக்கர் முதுகில் மார்க்கரால் எழுதியிருக்கிறார் பெரியவர்.

ஊர்ப்பக்கக் கல்யாணங்களுக்கு ரயிலில் போகிறவர்கள் என்பதால் பேட்டரி பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு வேலைக்கு விமானத்தில் போகிறார்கள். 200 ப்ரோ பேட்டரி ஒன்று 42 வாட்-மணி வாக்கில், விமானத்தில் சாதாரணமாக அனுமதிக்கும் 100-க்குள்தான். கழற்றிய உதிரி பேட்டரிகள் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். லைட்டுகளும் கைப்பையிலேயே அடங்கும். ஸ்டாண்டுகளைப் போகிற ஊரிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.